1909-ஆ, 1966-ஆ? கோவை மருத்துவக் கல்லூரியும் கொங்கு நாட்டு ஆஸ்பத்திரிகளும்

கேள்வி: சூலூர் வாசகர், 3.11.2025

கோயமுத்தூர் மெடிக்கல் காலேஜ் 1909-ல் ஆரம்பித்தது, மெட்ராசுக்கு அடுத்த பழைய காலேஜ் நம்முடையதுதான் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். தேடிப் பார்த்தால் 1966 என்று வருகிறது. யார் சொல்வது சரி? அப்புறம், காலேஜ் பீளமேட்டிலும் ஆஸ்பத்திரி திருச்சி ரோட்டிலும் ஏன் கிடக்கின்றன?

3.11.2025, இரவு

மாமனாரோடு சண்டை வேண்டாம். அவர் சொல்வது ஆஸ்பத்திரியின் வயசு. திருச்சி ரோட்டில் இருக்கும் பெரியாஸ்பத்திரி 1909-ல் வந்தது. பீளமேட்டில் அவினாசி ரோட்டின் மேல் இருக்கும் கல்லூரி 1966. இரண்டுக்கும் நடுவே 57 வருஷம்.

ஆனால் "மெட்ராசுக்கு அடுத்து" என்பதை அவரே விட்டுக்கொடுக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. ஸ்டான்லி 1938. வேலூர் சி.எம்.சி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக ஆரம்பித்து, 1942-ல் எம்.பி.பி.எஸ். கொண்டுவந்தது. மதுரை 1954. அப்புறம் தஞ்சாவூர், கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு, திருநெல்வேலி. அதற்கும் பிறகுதான் நம் முறை. பந்தியில் கடைசி வரிசை என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் வரிசையும் இல்லை.

4.11.2025

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. 1909 என்பதை வெறும் கட்டடத் திறப்பு விழாவாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சமயம் கோயமுத்தூரில் பிளேக் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. 1901 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை 53,000 சொச்சம். 1911-ல் அதைவிடக் குறைவு. வளர்கிற ஊரில் பத்து வருஷத்தில் ஜனத்தொகை குறைவது லேசான விஷயம் இல்லை. இன்றும் ஊருக்குள் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஆடி மாசம் கூழ் வாங்கப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் முன்பாதி எங்கிருந்து வந்தது என்று தெரியும்? எங்கள் பாட்டி "கொள்ளை" என்று மட்டும்தான் சொல்லுவாள். பெயர் சொன்னால் வந்துவிடும் என்று பயம்.

4.11.2025, மாலை

காலேஜும் ஆஸ்பத்திரியும் ஏன் தள்ளித்தள்ளி என்ற கேள்விக்கு வருகிறேன்.

திருச்சி ரோட்டு ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் ரோடு, கொஞ்சம் தள்ளி ரயில்வே ஸ்டேஷன், மழை பெய்தால் குளமாகிற லங்கா கார்னர், கலெக்டர் ஆபீஸ் வட்டாரம். அதற்குள் பிணவறுப்புக் கூடம், லெக்சர் ஹால், ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? பீளமேட்டுப் பக்கம் அன்றைக்கு இடம் இருந்தது. இடையில் எட்டு ஒன்பது கிலோமீட்டர்.

ஆக, மாணவர்கள் உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் பீளமேட்டில் படித்துவிட்டு, கிளினிக்ஸ் ஆரம்பித்ததும் திருச்சி ரோட்டுக்குப் பஸ் ஏறுவார்கள். முதல் வருஷம் முழுக்க நோயாளி முகத்தையே பார்க்காத டாக்டர் பிள்ளைகள் என்று நாங்கள் கேலி செய்வது உண்டு. 2019-ல் பாடத்திட்டம் மாறிய பிறகு முதல் வருஷத்திலேயே வார்டைக் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. இப்போது அந்தக் கேலி செல்லாது.

"நாங்கள்" யார் என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்த ஆஸ்பத்திரிதான் எனக்குத் தெரியும்.

6.11.2025

சரி, ஏன் 1966? ஒருவர் "மில் முதலாளிகள் கேட்டு வாங்கினார்கள்" என்று எழுதியிருக்கிறார். அது தனிக் கதை. அதற்கு முன் டெல்லியில் நடந்ததையும் பாருங்கள். 1959-ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது, தலைவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 50 லட்சம் பேருக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று அந்தக் கமிட்டி சொன்னது. 1965, 1966 வாக்கில் செங்கல்பட்டு, திருநெல்வேலி, கோவை என்று அடுத்தடுத்து வந்த வரிசையை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அர்த்தம் பிடிபடும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. இதே முதலியார்தான் 1942-லிருந்து 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கோவைக் கல்லூரி தொடங்கியபோது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தோடு. "கல்லூரி வேண்டும்" என்று சொன்ன கமிட்டிக்கும் அவரே தலைவர், வந்த கல்லூரிக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கும் அவரே துணைவேந்தர். அடிப்படையில் அவர் ஒரு பிரசவ டாக்டர், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர்.

இன்னொன்றும் 1966-ல்தான் நடந்தது. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்விக்குத் தனி இயக்குநரகம் பிரிந்தது அந்த வருஷம். அது ஏதோ ஆபீஸ் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். அதைப் பற்றித்தான் நிறைய எழுத இருக்கிறேன், இன்றைக்குக் கண் எரிகிறது.

8.11.2025

விட்ட இடத்திலிருந்து.

வெளியே நிற்கிறவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி என்றால் எல்லாம் ஒன்றுதான். உள்ளே மூன்று வீடு. ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் பொது சுகாதார இயக்குநரகம். தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி எல்லாம் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள். நாங்கள் டி.எம்.எஸ். என்போம். கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி மட்டும் மருத்துவக் கல்வி, அதாவது டி.எம்.இ. டி.எம்.எஸ். பக்கம் மாவட்டத்துக்குப் பெரியவர் இணை இயக்குநர், ஜே.டி. கல்லூரிப் பக்கம் பெரியவர் டீன். கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் ஒருவரே.

ஒரு ஊரில் மருத்துவக் கல்லூரி வந்தால் அந்த ஊர் தலைமை ஆஸ்பத்திரி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். அப்போது மாவட்டத்துக்குத் "தலைமை மருத்துவமனை" இல்லாமல் போகுமே? அதற்காக வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றைத் தூக்கிவிடுவார்கள். பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரி வாசலில் "மாவட்டத் தலைமை மருத்துவமனை" என்று போர்டைப் பார்த்து, மாவட்டத் தலைநகர் கோவைதானே என்று குழம்பியவர்கள் இருப்பீர்கள். காரணம் இதுதான். சேலம் மாவட்டத்தில் அந்தப் பேர் மேட்டூருக்கு. ஈரோட்டில் கதை நேர்மாறு: கல்லூரி பெருந்துறையில் இருப்பதால் தலைமை ஆஸ்பத்திரி ஈரோட்டு ஊருக்குள்ளேயே நின்றுவிட்டது.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரி இப்படி வீடு மாறியது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் சர்வீசில் இருக்கிறார்கள். முதல்நாள் வரை ஜே.டி. உட்கார்ந்த அறையில் மறுநாள் டீன் உட்கார்ந்தார். அதே நாற்காலி, அதே மின்விசிறி, அதே கட்டில்கள். எங்களுக்குத்தான் தலைவலி. மருந்து வாங்குவதற்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முறை: பாஸ்புக்கில் நம் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று இருக்கும், கிடங்குக்குப் போய் எடுத்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். வீடு மாறியதும் பழைய பாஸ்புக் பழைய வீட்டுக்கு, புதுசு இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கூட்டம் மட்டும் ஏறிவிட்டது, பின்னே, "மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஆயிடுச்சாம், பெரிய டாக்டருங்க எல்லாம் வந்திருக்காங்களாம்" என்று சுத்துப்பட்டுக் கிராமமே திரண்டு வந்தால்? சர்க்கரை மாத்திரையை ஒரு மாசத்துக்குக் கொடுக்க வேண்டியவர்களுக்குப் பத்து நாளைக்கு வெட்டிவெட்டிக் கொடுத்தோம். கத்தரிக்கோல் பிடித்து விரலில் காய்ப்பு.

அப்போது ஒரு ஆத்தா, பல்லடம் பக்கம். கையில் பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் வைத்துக்கொண்டு, "ஏஞ்சாமி, போன வாட்டி வெள்ளையா இருந்துச்சு, இப்ப எதுக்கு மஞ்சளா குடுக்கறீங்க? காலேசு மாத்திரைங்களா இது?" என்றது. வரிசையே சிரித்துவிட்டது. கம்பெனி மாறியிருக்கிறது ஆத்தா, மருந்து அதேதான் என்று சொன்னால் நம்பவில்லை. கடைசியில் ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணு வந்து, "அதேதான் அம்மச்சி, தைரியமா சாப்பிடுங்க" என்றதும் வாங்கிக்கொண்டு போனது. அந்தப் பெண்ணுக்கு வயசு இருபத்துமூன்று இருக்கும். நான் அந்தக் கவுன்டரில் தலை நரைத்தவன். வெள்ளைக் கோட்டுக்கு இருக்கிற மரியாதை!

8.11.2025, இரவு

"டீன் என்றால் பெரிய டாக்டரா, கலெக்டரா?" என்று கேட்டவருக்கு: பாதி டாக்டர், பாதி கலெக்டர், விடுதியில் சாம்பார் சரியில்லை என்றால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

10.11.2025

இணைப்பு பற்றி, அதாவது எந்தப் பல்கலைக்கழகம் என்பது பற்றி, காரமடைக்காரர் கேட்டிருந்தார். கோவை மருத்துவக் கல்லூரியில் படித்த மூன்று டாக்டர்களை வரிசையாக நிறுத்திப் பட்டச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் மூன்றும் வேறுவேறாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு அது. அப்புறம், எம்.ஜி.ஆர். பெயரிலான மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு 1987-ல் சட்டம், 1988-ல் செயல்பாடு. மாநிலத்தில் இருந்த மருத்துவக் கல்லூரிகள் அதன்கீழ் போயின. பாரதியார் முத்திரை உள்ள எம்.பி.பி.எஸ். சான்றிதழ் கொஞ்சக் காலத்துச் சரக்கு, இன்றைக்கு அரிதாகத்தான் கண்ணில் படும்.

மூன்று முத்திரை, ஆனால் ஒரே பிணவறுப்புக் கூடம், ஒரே திருச்சி ரோட்டு வார்டு. என்னைக் கேட்டால் பல்கலைக்கழகம் பெயர்ப்பலகை மட்டும்தான். எந்த ஆஸ்பத்திரி வார்டில் நின்று படித்தார்கள் என்பதுதான் டாக்டரை ஆக்குகிறது.

11.11.2025

தனியார் கல்லூரிகளை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபம் நியாயமானது.

நம் ஊரில் விசித்திரம் என்னவென்றால், ஆஸ்பத்திரி பெரும்பாலும் மில் பணத்திலும் அறக்கட்டளைப் பணத்திலும் வந்தது; கல்லூரி என்று ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டதோ, ஒட்டாமலே போனதோ அப்புறம்தான். பாப்பநாயக்கன்பாளையத்து குப்புசாமி நாயுடு ஆஸ்பத்திரி 1952. லட்சுமி மில் குடும்பம். இத்தனை வருஷத்தில் அங்கே எம்.பி.பி.எஸ். கல்லூரி கிடையாது. ஆனால் டாக்டர்கள் மேல்படிப்புக்கு டி.என்.பி. படிக்க அங்கே போகிறார்கள். கே.எம்.சி.எச். 1990-ல் வந்தது, கல்லூரி 2019-ல்தான். கங்கா ஆஸ்பத்திரி 1978-ல் தொடங்கி, எலும்பு, கை ஒட்டு அறுவை சிகிச்சை என்றால் வெளிநாட்டு டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போகிற இடம் ஆகிவிட்டது. அங்கேயும் எம்.பி.பி.எஸ். இல்லை.

பி.எஸ்.ஜி. மட்டும் வழக்கத்துக்கு எதிர்த்திசை. கல்லூரி 1985, பீளமேட்டு ஆஸ்பத்திரி 1989. அந்த அறக்கட்டளையின் கதை ஊருக்கே தெரியும்: பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் 1926-ல் சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதினார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு எழுதினார்கள் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். பங்காளிகள் வாய்க்கால் வரப்புக்கே கோர்ட்டுக்குப் போகிற சீமையில் இது பெரிய விஷயம்தான்.

அந்த 1985 இன்னொரு வகையில் முக்கியம். 1966-க்குப் பிறகு தமிழ்நாட்டில் புது அரசு மருத்துவக் கல்லூரி என்றால் 1986-ல் சேலம்தான். இருபது வருஷ இடைவெளி. வேலூர் சி.எம்.சி.யை விட்டால், அந்த இடைவெளியின் கடைசியில்தான் தனியார் உள்ளே வந்தார்கள்.

11.11.2025, சற்று நேரம் கழித்து

சேலம் கொங்குவா என்று ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வழக்குக்கு இங்கே தீர்ப்பு கிடையாது. மேற்கே சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் போய் "நீங்கள் கொங்கு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சேலம் கல்லூரிக்கு மோகன் குமாரமங்கலம் பெயர். மத்தியில் உருக்கு மந்திரியாக இருந்து, 1973 மே மாசம் டெல்லிக்குப் பக்கத்தில் விமான விபத்தில் இறந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா சுப்பராயன் சென்னை மாகாணத்து முதல்வராக இருந்தவர். கல்லூரி இருப்பது இரும்பாலை ரோட்டில். உருக்கு மந்திரி பெயர் இரும்பாலை ரோட்டில். ஆஸ்பத்திரியோ சேலம் டவுனுக்குள். கோவை மாதிரியே அங்கேயும் பஸ் ஏறித்தான் நோயாளியைப் பார்க்க வேண்டும்.

14.11.2025

பெருந்துறை. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

இன்றைக்கும் கண்டக்டர் "சானடோரியம் இறங்கு" என்றுதான் கூப்பிடுவார். காச நோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் காற்றும் வெயிலும் ஓய்வும் முட்டையும்தான் வைத்தியம். வறண்ட மேட்டு நிலம், தள்ளித்தள்ளிக் கட்டிய வார்டுகள், வேப்பமரம். அப்புறம் ஊசியும் மாத்திரையும் வந்து, மாசக்கணக்கில் படுத்துக்கிடக்கிற நோயாளி குறைந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வளாகத்தில் கல்லூரி வந்தது. யார் நடத்தியது தெரியுமா? அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சாலைப் போக்குவரத்து நிறுவனம், ஐ.ஆர்.டி. டிரைவர், கண்டக்டர் பிள்ளைகளுக்கு அங்கே ஒதுக்கீட்டு இடங்கள் இருந்தன. பஸ் கம்பெனி நடத்திய மருத்துவக் கல்லூரி! பின்னால் அரசே நேரடியாக எடுத்துக்கொண்டு, இப்போது பெயர் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி.

2020 மார்ச்சில் ஈரோட்டுக்கு வந்த தாய்லாந்துக்காரர்களுக்குக் கொரோனா என்று ஊரே அரண்டபோது அவர்களைச் சேர்த்தது பெருந்துறையில்தான். தொற்று நோய்க்கு என்று ஊரைவிட்டுத் தள்ளிக் கட்டிய வளாகம், அத்தனை வருஷம் கழித்து அதே வேலைக்கு வந்தது.

கோவையில் அந்த வேலை சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்கு. அதன் கதையும் இதே ரகம். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் வந்தது 1955-ல், கோயமுத்தூரில். காரணம் சொல்ல வேண்டுமா, மில்தான். ஷிப்டு சங்கு ஊதின காலத்தில் இ.எஸ்.ஐ. கார்டு இல்லாத வீடு எங்கள் லைன் வீடுகளில் இல்லை. மருத்துவக் கல்லூரி நடத்தலாம் என்று கட்டடம் எழுப்பிய இ.எஸ்.ஐ. கழகம், 2015-ல் கல்லூரி நடத்துவது எங்கள் வேலை இல்லை என்று பின்வாங்கியது. மாநில அரசு எடுத்துக்கொண்டு 2016-ல் மாணவர்களைச் சேர்த்தது. தொழிலாளி பிள்ளைகளுக்கு அங்கேயும் தனி ஒதுக்கீடு.

பஸ் ஓட்டியவர்கள் பெயரால் ஒரு கல்லூரி, நூல் நூற்றவர்கள் சந்தாவில் ஒரு கல்லூரி. கொங்கில் மருத்துவக் கல்லூரி வரலாறு எழுதுகிறவர்கள் டீன் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டில் யார் காசில் வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் குறை.

15.11.2025

சிரிக்க ஒன்று. கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பரீட்சை சமயம் "கேஸ்" தேடுவார்கள். இதயத்தில் நல்ல சத்தம் கேட்கிறவர், மண்ணீரல் வீங்கினவர், இப்படி. அடிக்கடி வந்து படுக்கிறவர்களுக்குத் தன் வியாதி இங்கிலீஷில் மனப்பாடம். சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் இருந்தார். மாணவன் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெற்றி சுருக்கினதும் மெதுவாக, "தம்பி, மைட்ரல் ஸ்டெனோசிஸ்ங்க. படுக்க வெச்சுக் கேட்காதீங்க, இடப்பக்கம் ஒருக்களிச்சுத் திருப்பிக் கேளுங்க" என்பாராம். பல பேர் அவரால் பாஸ். மருந்து வாங்க வரும்போது என்னிடமும், "நம்ம பசங்க எத்தன பேரு இப்ப அமெரிக்காவுல இருக்கறாங்கன்னு தெரியுங்களா" என்று பெருமை அடிப்பார்.

17.11.2025

பத்தாம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, மகளை மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருக்கும் திருப்பூர்க்காரர், "பெயர்ப்பலகை என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள், பரீட்சைத் தேதி, மறுகூட்டல், கட்டணம் எல்லாம் அந்தப் பெயர்ப்பலகைதானே தீர்மானிக்கிறது" என்று கேட்டிருக்கிறார். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கல்லூரியும் பல்கலையும் ஒரே கை, பரீட்சையும் அவர்களே. சேலத்தில் விநாயகா மிஷன் அப்படி. எம்.ஜி.ஆர். பல்கலையின் கீழ் என்றால் கேள்வித்தாள் மாநிலத்துக்கே பொது. பெற்றோருக்கு அது பெரிய வித்தியாசம், பர்சுக்கு இன்னும் பெரிய வித்தியாசம். இருந்தாலும் நோயாளியாக வரிசையில் நிற்கிறவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. நான் கவுன்டர் பக்கத்து ஆள், என் கோணம் அப்படித்தான் இருக்கும்.

அவர் ஊரையும் பாருங்கள். 2009-ல் மாவட்டம் ஆகும் வரை திருப்பூர் ஆஸ்பத்திரி கோவை மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஒன்று. 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் திறந்த பதினொரு கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூன்றும் நம் பக்கம். 1909-லிருந்து 1966 வரை கோவை காத்திருந்ததைத் திருப்பூர் பதின்மூன்று வருஷத்தில் முடித்துவிட்டது. பனியன் கம்பெனி வேகம்.

22.11.2025

"பாலம் வந்துவிட்டதே, இனி காலேஜிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்" என்று ஒருவர். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் போன மாசம் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயர். வெளியூர்க் காருக்குக் கொண்டாட்டம். ஆனால் டவுன் பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்க வேண்டும், அது கீழேதான் போகும்.

ஸ்டாப் என்றதும் பீளமேட்டு ஹோப் காலேஜ் ஸ்டாப் ஞாபகம். ஜி.டி. நாயுடு உதவியால் 1945-ல் பீளமேட்டில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிதான் பின்னால் தடாகம் ரோட்டுக்குப் போய் ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. கல்லூரி போய்விட்டது, பஸ் ஸ்டாப் மட்டும் போகவில்லை. இதற்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

30.11.2025

எந்தக் கல்லூரி நல்லது என்று தனியாகக் கேட்கிறவர்களுக்கு மொத்தமாக ஒரே பதில். காலையில் ஒன்பது மணிக்கு ஓ.பி. வாசலில் போய் நில்லுங்கள். சீட்டு போடுகிற வரிசை எவ்வளவு நீளம், பிரசவ வார்டு வாசலில் எத்தனை குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் பளிங்குத் தரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கோவை ஜி.எச்.சுக்கு அட்டப்பாடியிலிருந்து வருகிறார்கள், பாலக்காட்டிலிருந்து வருகிறார்கள், நீலகிரி மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருகிறார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, லாரி விபத்து, எடை குறைந்த குழந்தை. இருபத்துமூன்று வயசில் இதையெல்லாம் ராத்திரி டியூட்டியில் பார்த்த பிள்ளை வேறு. கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துக் கிடப்பதையும் அந்தப் பிள்ளை பார்த்திருக்கும், அதை மறைத்துச் சொல்லவில்லை. ஜப்பான் கடனில் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். கூட்டமும் கூடவே வளர்கிறது.

அப்புறம் வாசல் டீக்கடையில் ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் பேசுங்கள். தூக்கம் இல்லாத ஆள், பொய் சொல்லத் தெம்பு இருக்காது.

3.12.2025

ஊட்டி பற்றிக் கேட்ட குன்னூர்க்காரருக்கு. ஆமாம், 2022-ல் திறந்த நீலகிரிக் கல்லூரி எழுந்தது பழைய பிலிம் பேக்டரி, எச்.பி.எப். இருந்த இந்து நகர்ப் பக்கம்தான். எங்கள் காலத்தில் எக்ஸ்ரே அறைக்கு வந்த பிலிம் டப்பாக்களில் "இந்து" என்று பெயர் இருக்கும். அது அங்கே செய்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரை, பேக்டரியும் மூடிப்போனது. புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இந்த ஏப்ரலில் திறந்தார்கள், 700 படுக்கை. மலையிலிருந்து கோவைக்கு இறக்கிக் கொண்டுவருவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாராவது எழுதினால் தேவலை. முக்கியமாகக் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு ஊட்டியே தூரம்.